தம்பிதான் கொன்றான் என்றீர்களே

மசாகா, 9 ஜூன் 2004

நலுமான்சியின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். திரும்பி வரச் சொல்லி நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. ஜின்ஜாவில் இன்னொருத்தியிடம் ஒரு பெண் குழந்தை இருப்பதை நான்கு வருஷம் என்னிடம் மறைத்தவருக்கு என்ன பதில் எழுதுவது?

இப்போது எழுதுவது ஒரு புத்தகத்தால். பள்ளி நூலகத்தில் ஓர் ஆங்கில மர்ம நாவல் கிடைத்தது. பெயரைப் பார்த்ததுமே தெரிந்தது, கட்வே வீடியோ கொட்டகையில் ஆங்கிலப் படம் ஓட ஓட நீங்கள் மைக் பிடித்து நம் லுகாண்டா மொழியில் கதை சொன்னீர்களே, அதே படம். முடிவுதான் தெரியுமே என்று சாவகாசமாகப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் உங்கள் குரல். "ஏம்மா, கட்டின புருஷனைப் போய்ச் சந்தேகப்படுறியே, கொன்னது தம்பிக்காரன்மா." கொட்டகையே கை தட்டியது, நானும் தட்டினேன்.

புத்தகத்தில் கொன்றவன் புருஷன். அவன் தம்பி ஒன்றும் அறியாதவன்.

அந்த வாரம்தான் ஜின்ஜாவைப் பற்றி உங்களிடம் முதலில் கேட்டிருந்தேன். படம் பார்த்து வந்து, இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். இப்போது வயிறு எரிகிறது. என்னை ஏமாற்றத்தான் கதையை மாற்றினீர்களா? உண்மையை எழுதுங்கள். இனி எதுவும் கேட்க மாட்டேன்.

நப்போசா

கம்பாலா, 17 ஜூன்

நப்போசாவுக்கு,

மாற்றவில்லை. எனக்கு அந்தப் படம் புரியவே இல்லை.

எனக்கு ஆங்கிலம் அரைகுறை. வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. முகங்களைப் பார்த்து ஊகித்துச் சொல்வேன். தம்பிக்காரன் முழி சரியில்லை, பழியை அவன் தலையில் போட்டேன். பதினொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. முதலாளிக்குத் தெரிந்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவார். நீ ஆங்கில டீச்சர், உன்னிடம் சொல்ல வெட்கம்.

ஜின்ஜா விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னேன். அதற்குச் சாக்கு இல்லை.

செம்வங்கா

மசாகா, 26 ஜூன்

நலுமான்சியின் அப்பாவுக்கு,

படித்துவிட்டு வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கதை கட்டியது நீங்கள் மட்டுமா? உங்கள் முகத்தைப் பார்த்து நானும் அப்படித்தான் நம்பினேன்.

உங்களுக்கே கெடுதல் வரும் என்று தெரிந்தும் நீங்கள் என்னிடம் சொன்ன முதல் உண்மை இது. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன், பயப்பட வேண்டாம். கோபம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனாலும் சனிக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். அந்தக் குழந்தையையும் கூட்டி வாருங்கள். அக்கா நலுமான்சிக்கு அவளை என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது? இதுவரை நீங்கள் எனக்கு அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

நப்போசா