கால் புதைந்த இடம்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
12.1.2025

அன்புள்ள மச்சான் பழனிச்சாமிக்கு,

மனுவேல் சொல்லச் சொல்ல ஜோசப்பின் எழுதுவது. இங்கே பல் கிட்டுகிற குளிர். ஆண்டவர் புண்ணியத்தில் இருவரும் எழுந்து நடமாடுகிறோம். போனில் பேசினால் என் குரல் உன் மந்தக் காதுக்கு விசில் சத்தமாகக் கேட்கிறது என்று உன் மருமகள் ரம்யா சொன்னதால் கடிதமே மேல்.

முந்தாநாள் செல்வமுருகன் கடைக்கு டீ குடிக்கப் போனேன். "அண்ணே, ஒங்க சோடி பெரிய ஆளாயிட்டாருங்க. நம்ம ஏரிக்கு மாநாடு நடத்துறாங்கள்ல, அதுல பேச அவரக் கூப்புட்டிருக்காங்க. காரே அனுப்புறாங்களாம்" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏரிப் பக்கம் நடந்தேன். ஏரியைச் சுற்றித் தட்டி கட்டியிருக்கிறார்கள். கேரளா, ஆந்திரா, ஊட்டி, ஏற்காடு என்று ஏரி உள்ள ஊர்க்காரர்கள், படித்தவர்கள், அதிகாரிகள் எல்லாம் கூடி, ஏரிகளை எப்படிக் காப்பாற்றுவது என்று மூன்று நாள் பேசப் போகிறார்களாம். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஏரி என் வாசலில் கெடக்கு. கூப்பிட்டதோ அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பில் காற்று வாங்குகிற உன்னை. நீ மலையை விட்டு இறங்கியபோது, இன்றைக்கு உனக்கு மருமகளாக வந்திருக்கிற ரம்யா பள்ளிக்கூடமே போகாத பிள்ளை. நான் இன்னும் தினம் அந்தத் தண்ணீர் முகத்தில்தான் விழிக்கிறேன். உனக்கு ஐந்தாவது வரை படிப்பு இருக்கிறது, கையெழுத்துப் போடுவாய். அதனால்தானோ என்னவோ.

இதையும் கேள்: ஏரியடி ஊற்றில் கால் புதைந்தவர் என்று சொல்லித்தான் உன்னை அழைக்கிறார்களாம். யார் கால் மச்சான் அது? ஏரி வற்றிச் சேறாகக் கிடந்த வருஷம் படகை இழுக்கப் போனோமே, அப்போது தொடை வரைக்கும் உள்ளே போனது யார் கால்? ஒரே படகை நாம் இரண்டு பேரும் காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் என்று ஓட்டினோம். துடுப்புப் பிடிச்சவன் கதை அவன் கதை என்று நாமேதான் பேசி வைத்தோம். டூரிஸ்டுகளிடம் உன் பாம்புக் கதையை நான் என் கதை என்று சொன்னேன், என் கால் கதையை நீ உன் கதை என்று சொன்னாய். அது படகுக்குள். தோப்புக்குள்ளேயும் அப்படியா?

கோபம் இல்லை. கேட்டு வைக்கிறேன்.

உன் மாப்பிள்ளை,
மனுவேல் (கைநாட்டு)

பி.கு. அண்ணே, இவர் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னதால் எழுதினேன். பால் வாங்கப் போகிற மனுஷன், தைலமரத்தடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறார். பால் வீடு வந்து சேர வெயில் வந்துவிடுகிறது. — ஜோசப்பின்


அய்யம்பாளையம்
20.1.2025

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கும் தங்கச்சி ஜோசப்பினுக்கும்,

பழனிச்சாமி எழுதிக்கொண்டது. தங்கச்சி அனுப்பும் கடிதத்தில் எழுத்து கொய்யாப்பழம் மாதிரி உருண்டு இருக்கும். எனக்குக் கண்ணாடி கூட வேண்டாம்.

மாப்பிள்ளை, நடந்ததைச் சொல்லுகிறேன். மருதாநதி அணையில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. அதற்கு ஆக்ஸிலியா என்று ஒரு அம்மா வந்திருந்தார்கள். தண்ணீரைப் பற்றிப் படித்தவர்கள், அந்த மாநாட்டை நடத்துகிறவர்களில் ஒருவர். டீ குடிக்கிற நேரத்தில் நான் பழக்கதோஷத்தில் கால் கதையை எடுத்துவிட்டேன். நாக்கு தன்பாட்டுக்கு 'நான்' என்றது. எத்தனை வருஷம் சொன்ன நாக்கு. அந்த அம்மா எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அழைப்பு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இப்போது வேறு சிக்கல். ஏரியில் புதுப் படகுத்துறை கட்டத் தூண் இறக்கப் போகிறார்களாம். ஊற்று இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது என்று மாநாட்டில் முடிவு எழுதி மேலே அனுப்புவார்களாம். அவர்கள் கருவி விட்டுப் பார்த்ததில் நாலைந்து இடத்தில் அடித்தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. அதில் வறட்சியிலும் நிற்காமல் ஓடியது எது என்று கருவிக்குத் தெரியாது, அந்த வருஷம் பார்த்தவர்தான் சொல்லவேண்டும் என்கிறார்கள்.

எனக்கு அந்தச் சேறு ஞாபகம் இருக்கிறது. உன் அலறல் ஞாபகம் இருக்கிறது. இடம் மட்டும் இல்லை. இப்போதெல்லாம் செருப்பை எங்கே விட்டேன் என்பதே தெரியவில்லை. ரம்யா கேட்டால் சிரித்து மழுப்புகிறேன். உன் தலை அப்படி இல்லை. எந்தத் தேதியில் எவன் படகு கவிழ்ந்தது என்று இன்றைக்கும் சொல்லுவாய். இடத்தை எனக்கு எழுது மாப்பிள்ளை. மேடையில் விழிக்கவைத்துவிடாதே.

கால் விஷயத்தில் தப்பு என்னுடையது.

அன்புடன்,
சு. பழனிச்சாமி


கொடைக்கானல்
29.1.2025

மிகுந்த மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய என் ஆருயிர் மச்சான் பழனிச்சாமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து அளவில்லா மகிழ்ச்சி. ஜோசப்பின் பள்ளங்கிக்குப் பூண்டு உரிக்கும் வேலைக்குப் போயிருப்பதால் ஜெராக்ஸ் கடை ஸ்டீவன் எழுதுகிறான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவேண்டாம். மாநாட்டுக்கு அழைக்கத் தகுந்த ஆள் தாங்களே. எனக்கு அதில் பெருமைதான்.

தாங்கள் கேட்ட இடம் மடைப் பக்கம். மடையிலிருந்து நாலு துடுப்புப் போட்டால் வரும் இடம். வேறு எங்கும் இல்லை. தைரியமாகச் சொல்லுங்கள். யாரும் மறுத்துப் பேச முடியாது. மேடையில் சால்வை போடுவார்கள் என்று செல்வமுருகன் சொன்னான். போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள்,
மனுவேல் (கைநாட்டு)


அய்யம்பாளையம்
18.2.2025

மனுவேலுக்கு,

மாநாடு முடிந்து வந்து நான்கைந்து நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

கார் வந்தது. ரம்யாவும் கூட வந்தாள், கேள்வியை என் காதில் கத்திச் சொல்ல. பெரிய மண்டபம். ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஏரியைத் திரையில் காட்டினார்கள். ஒரு மலையாளத்துப் பிள்ளை தன் ஏரியில் பாசி மூடியதைக் காட்டினாள். பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். எனக்கே கண் கலங்கியது. ஏதோ பேச்சுக் கச்சேரி என்று நினைத்துப் போனவன் நான்.

என்னை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். ஏரி வரைபடத்தை முன்னால் விரித்தார்கள். ஆக்ஸிலியா அம்மா, "தாத்தா, உங்க கால் புதைஞ்ச இடத்துல விரல வைங்க" என்றார்கள்.

அதற்கு முன் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் தலையில் சேசு மரி சூசை இல்லை. தங்கச்சியின் எழுத்து இல்லை. என் வாழ்நாளில் நீ என்னைத் 'தாங்கள்' என்று சொன்னதில்லை. பூண்டு உரிக்கிற காலமா இது? எங்கள் ரம்யாவின் அம்மா வீடு பள்ளங்கிதான். பூண்டு இப்போது மண்ணுக்குள் இருக்கிறது. தங்கச்சியை உட்காரவைத்துச் சொல்ல முடியாத எதையோ நீ சொல்லியிருக்கிறாய் என்று கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. முதல் கடிதத்தில் தங்கச்சி எழுதியதை எடுத்து மறுபடியும் படித்தேன். தினமும் தைலமரத்தடியில் நிற்கிறவன் எதற்கு மடையைச் சொல்லுகிறான்?

விரலைத் தைலமரத்துக்கு நேரே வைத்திருக்கலாம். கைதட்டியிருப்பார்கள். வைக்கவில்லை.

"அம்மா, அந்தக் கால் என்னுது இல்லீங்க. மனுவேல்ங்கிறவனோடது. நான் அவன் தலமயிரப் புடிச்சு மேல இழுத்தவன். என் கண்ணு பூராவும் அவன் தலையிலதான் இருந்துச்சு, எடத்த எங்க பாத்தேன்? படகுல சொன்ன கதையத் தரையிலயும் சொல்லிட்டேன். இப்ப என் கையில துடுப்பு இல்லீங்க" என்றேன். ரம்யா தலையில் அடித்துக்கொண்டாள். மண்டபம் சிரித்தது. பிறகு எல்லோரும் உன் பேரையும் நாயுடுபுரம் முகவரியையும் எழுதிக்கொண்டார்கள்.

கேட்டிருந்தால் பாதிச் சால்வையைக் கிழித்துக் கொடுத்திருப்பேன் மனுவேல். நான் அவமானப்பட்டால் எனக்கொன்றும் இல்லை, வயசாகிவிட்டது. ஆனால் உன் பேச்சை நம்பி நான் மடை என்று சொல்லியிருந்தால் தூணை எங்கே இறக்கியிருப்பார்கள்? உன் கால் நின்ற ஊற்றின் தலையில். என் மேல் உள்ள எரிச்சலில் அதன் வாயை அடைக்கப் பார்த்தாயே.

இரண்டு ராத்திரி கொடைக்கானலில் தங்கினேன். உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே தங்கச்சி யாரையோ வைகிற சத்தம் எனக்கே கேட்டது. நீயாகத்தான் இருக்கும். கதவைத் தட்டக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை அவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். அப்புறம் உன் இஷ்டம்.

சு. பழனிச்சாமி


சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
23.2.2025

மச்சான்,

ஜோசப்பின்தான் எழுதுகிறாள். உன் கடிதத்தை அவள்தான் படித்தாள், உரக்க. நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மீதியைப் படித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வந்தார்கள். ஆக்ஸிலியா அம்மாவும் கூட இரண்டு பேரும். எனக்கு மிதப்புச் சட்டை மாட்டிவிட்டார்கள். இந்த ஏரியில் எனக்கு மிதப்புச் சட்டை. மோட்டார் வேண்டாம், துடுப்புப் படகு கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். தோள் வலிக்கிறது, அது வேறு.

போகிற வழியில் அந்த அம்மா, "பழனிச்சாமி தாத்தா ஒங்கள மாதிரி ஞாபகசாலி யாரும் இல்லைன்னு சொன்னாருங்க. மண்டபமே அவர்மேல உசிரா இருந்துச்சு" என்றார்கள். உடனே எனக்குள் பழைய பூச்சி ஊர்ந்தது. என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லி அதற்கும் நீயே பேர் வாங்கியிருக்கிறாய். அந்த நிமிஷம் துடுப்பை மடைப் பக்கம் திருப்பினால் யாருக்கும் தெரியாது. சொன்ன சொல்லிலும் நின்றதாக ஆகும். உண்மையைச் சொல்லுகிறேன், படகின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பவும் செய்தது.

பிறகு தலையில் வலித்தது மச்சான். நீ பிடித்து இழுத்த இடம். அந்த மயிரெல்லாம் கொட்டிப் போய் எவ்வளவோ காலமாச்சு, ஆனாலும் வலித்தது. ஏரி காலை விட மாட்டேன் என்கிறது, நீ தலையை விட மாட்டேன் என்கிறாய். "ஏலே மனுவேலு, வாய மூடுறா, சேறு போயிரும்" என்று கத்தினாயே. அதுதான் காதில் விழுந்தது.

படகைத் தைலமரத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். கருவியை இறக்கிப் பார்த்தார்கள். அவர்கள் குறித்து வைத்த இடங்களில் இதுவும் ஒன்றுதானாம். இதை விட்டுத் தள்ளித் தூண் இறக்கச் சொல்லி முடிவு எழுதப்போவதாகச் சொன்னார்கள். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். கேட்கிறவர்கள் கேட்கட்டும். நம் சோலி முடிந்தது.

கரைக்கு வந்ததும், யார் சொன்ன தகவல் என்று எழுதப் பேர் கேட்டார்கள். நான் இரண்டு பேர் சொன்னேன். உன் பேரை முன்னால் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்கள். எழுதுவதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதை மறைத்து எழுதினால் நீ மறுபடியும் கண்டுபிடித்துவிடுவாய்.

வாசல் வரை வந்து திரும்பினாய் என்று எழுதியிருந்தாய். அடுத்த முறை தட்டு. தட்டாவிட்டாலும் பரவாயில்லை, கதவைச் சாத்தவில்லை.

வரும்போது அந்தச் சால்வையைக் கொண்டு வா. ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

மனுவேல் (கைநாட்டு)

பி.கு. அண்ணே, அன்றைக்கு நான் வைதது இவரைத்தான். ஸ்டீவனிடம் சொல்லிக் கடிதம் எழுதவைத்தது அன்றுதான் தெரிந்தது. என்ன எழுதினார் என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. இனி எவன் கையால் எழுதினாலும் நம்பாதீர்கள். சால்வையைக் கொண்டு வாருங்கள், ஆனால் திருப்பி வாங்கிக்கொண்டு போக மறக்காதீர்கள். இவர் கொடுக்க மாட்டார். — ஜோசப்பின்