சனிக்கிழமை ராக்கெட்

ஜூன் 14, 2025 – சனி

குடும்ப நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில் இது இரண்டாவது சனிக்கிழமை. பத்தரை முதல் பதினொன்றரை வரை ஸ்ரீஜா என்னோடு. மற்ற நேரமெல்லாம் அவள் அம்மா சரண்யாதேவியோடு. நாங்கள் பிரிந்து ஏழு மாதம். ஒன்பது வயது மகளிடம் என்ன பேசுவது என்றே மறந்துவிட்டது. போன வாரம் அவளும் வாய் திறக்கவில்லை. இன்று அவளாகவே கேட்டாள்: "அப்பா, ராக்கெட் எப்படிப்பா மேல போகுது?"

புகை தரையைத் தள்ளுவதால் போகிறது என்றேன்.

"மேல போனதுக்கப்புறம் தரை இல்லையே?"

காற்றைத் தள்ளும் என்றேன். "அங்க காத்தும் இல்லையே?" அடுத்த வாரம் சொல்வதாகத் தப்பித்தேன். ஆனாலும் சந்தோஷம். பிள்ளைக்கு ராக்கெட் பிடித்திருக்கிறது. அப்பாடா, பேச ஒன்று கிடைத்துவிட்டது.

ஜூன் 18 – புதன்

ஆபீஸில் ஃபைலுக்கு அடியில் புத்தகத்தை வைத்துப் படிக்கிறேன். ராக்கெட் வெளியே எதையும் தள்ளத் தேவையில்லையாம். தன் வயிற்றில் இருக்கும் எரிபொருளை எரித்து, அந்த வாயுவைப் பின்னால் வீசுகிறது. வீசுவதாலேயே முன்னால் போகிறது. கண்மாயில் பரிசலில் உட்கார்ந்து செங்கல்லைப் பின்பக்கம் வீசினால் பரிசல் முன்னால் நகரும், அதுதான் கணக்கு. நாற்பத்தோரு வயதில் இப்போதுதான் தெரிகிறது. வெட்கம்.

ஜூன் 21 – சனி

பலூனை ஊதிக் கட்டாமல் விட்டேன். அறை முழுக்கச் சுற்றியது. பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அலற, அங்கிருந்த ஆயா என்னை முறைத்தார். ஸ்ரீஜா சிரித்தாள். சிரித்தாள்!

ஜூலை 5 – சனி

மேலே போனால் மட்டும் போதாது, பக்கவாட்டில் ஓடவும் வேண்டும் என்று படம் போட்டுச் சொன்னேன். வினாடிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடும்போது கீழே விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் விழ விழப் பூமியும் வளைந்து விலகிப்போகும். அதனால் தரைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"கோரிப்பாளையத்துல கிளம்புனா ரெண்டே செகண்டுல அலங்காநல்லூரு" என்றேன்.

"அம்புட்டு வேகமா?" என்றவள் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்லவா?"

"இரும்மா, இத முடிச்சிடுறேன்."

முடிப்பதற்குள் மணி பதினொன்றரை. அழைத்துப்போக வந்துவிட்டார்கள்.

ஜூலை 12 – சனி

எரிபொருள் தீர்ந்த அடுக்குகளை ராக்கெட் வழியிலேயே கழற்றிவிடும், சுமை குறைய வேண்டுமே. டிபன் கேரியரைக் கொண்டுபோய்க் கழற்றிக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். சரியாகத் தூங்கவில்லையோ?

ஜூலை 23 – புதன்

வார இறுதியில் ஸ்ரீஜாவை என் வீட்டில் இரண்டு நாள் வைத்துக்கொள்ள மனு போட்டிருந்தேன். நீதிபதியம்மா அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். வெளியே வந்தவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 6 – புதன்

மனு தள்ளுபடி. சரண்யாவுக்கு ஓசூருக்கு வேலை மாற்றல். இந்த மாதக் கடைசியில் போகிறார்கள். இனி மாதம் ஒரு முறை, அங்கே போய் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

பிள்ளை என்ன சொன்னாள் என்று வக்கீல் மலைச்சாமி அண்ணனைக் கேட்டேன். உத்தரவு நகலை மடித்துக்கொண்டே, "விடுங்க மாப்ள" என்றார். நான் விடவில்லை.

"அப்பா நல்லவருதான், ஆனா ராக்கெட்டப் பத்தி மட்டுந்தான் பேசுவாருன்னு சொல்லியிருக்கு. ஒரு நாள் ஹோம்வொர்க்குக்குக் கேட்டுச்சாம். அதுலருந்து வாராவாரம் அதேதானாம். வீட்டுக்குப் போனா ரெண்டு நாளும் அதத்தான் பேசுவாரு, நான் போகலன்னுருச்சு."

ஹோம்வொர்க்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: டேய் சிவபாண்டி, என்னடா பண்ணி வச்சிருக்க? நீ எப்படிம்மா இருக்கன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டியாடா? கேட்டா 'ஏம்ப்பா எங்கள விட்டுட்டீங்க'ன்னு திருப்பிக் கேட்டுருவாளோன்னு பயம் – அந்தப் பயத்துலதான வாய் ஓயாமப் பாடம் நடத்துன?

ஆகஸ்ட் 9 – சனி

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 23 – சனி

மதுரையில் கடைசி சனிக்கிழமை. புத்தகம், பலூன் எதுவும் எடுக்காமல் வெறுங்கையோடு போனேன். என்ன கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

"உன் கிளாஸ் பாண்டிமீனா நல்லா இருக்காளாம்மா? இன்னும் அவ பக்கத்துலதான் உக்காருறியா?"

ஸ்ரீஜா என்னையே பார்த்தாள். "அது பழைய ஸ்கூல்ப்பா. நான் ஜூன்லயே வேற ஸ்கூலுக்கு மாறிட்டேன்ல."

"சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கலையே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள். புது ஸ்கூலில் யார் தோழி என்று கேட்டேன்.

"அந்த ஸ்கூலையும் விட்டுட்டுத்தான் ஓசூர் போறோம். இப்ப எதுக்குப்பா அது?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.