தெரியாத அடுக்கில் ஒரு சீட்டு

அன்புத் தங்கைக்கு,

உன் டிரங்குப் பெட்டியை இன்று காலையில்தான் திறக்க மனம் வந்தது. உலர்ந்த கடற்பாசியின் உப்பு வாசம் முதலில் எழுந்தது. அதன் அடியில் அந்தச் சீட்டுக்கட்டு. ரப்பர் வளையம் உருகி அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. பழைய கலியாணக் கார்டுகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் அதன் கீழே தமிழில் பொருளுமாக நீ எழுதியவை. பக்கத்தில் ஓர் உறை. அதன்மேல் ‘தெரியாதவை’ என்று உன் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு சீட்டு இருந்தது.

அப்போது உனக்கு முப்பத்தொரு வயது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தாய். கடற்பாசி ஆராய்ச்சிக்கு உன்னைச் சேர்த்துக்கொள்ள வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இசைந்திருந்தார். மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் மட்டும் மாத முடிவுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் உனக்குத் துணை நான் ஒருவனே. மாலை ஜெபம் முடிந்து வேதப்புத்தகத்தை மூடியதும் சீட்டுக்கட்டை என் கையில் தருவாய். நான் சொல்லை வாசிப்பேன். நீ பொருள் சொல்வாய். சரியானது ஓர் அடுக்கு, தவறியது மற்றோர் அடுக்கு.

சங்கீதங்களும் பழஞ்செய்யுள்களும் தடையின்றி ஓடிய என் நாவில் அந்தச் சொற்கள் முட்டி மோதின.

“அண்ணே, நீங்க வாசிக்கது எந்த தேசத்து இங்கிலீசு?”

“ஏட்டி, பதிலச் சொல்லு. ஸாங்டி... ஸாங்டிமோனியஸ்.”

“பக்திமான்னு வேசம் போடுதவரு. இது மறக்கவே செய்யாது. ஒங்க மொகத்தப் பாத்தாலே ஞாபகம் வருது.”

அந்தச் சீட்டாலேயே உன் தலையில் தட்டினேன். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

திருவனந்தபுரத்தில் அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே தேர்வுக்கு இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய வாரந்தான், ஓய்வுநாளான ஞாயிறில் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரைச் சபை மூப்பனாகிய நான் எல்லார் முன்பும் கண்டித்திருந்தேன்.

“நீங்க வரவேண்டாம் அண்ணே. நான் வெளுப்பாங்காலத்து மொத பஸ்ஸுல போயிட்டு வந்திருதேன்.”

“ஊருக்கு ஒரு நியாயம், எனக்க வீட்டுக்கு ஒரு நியாயமா? கர்த்தருக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?”

“கர்த்தரு கேக்கமாட்டாரு. ஊருதான் கேக்கும்.”

உன்னை நான் போகவிடவில்லை.

சனிக்கிழமை ஜெபம் முடிந்ததும், வழக்கத்தினாலோ வெட்கத்தை மறைக்கவோ, சீட்டுக்கட்டை நானே எடுத்தேன். கேட்டதற்கெல்லாம் பிசகாமல் பொருள் சொன்னாய். பிறகு, அன்று உன் தலையில் நான் தட்டிய அந்தச் சீட்டு வந்தது. வாசித்தேன். நீ என் முகத்தை நெடுநேரம் பார்த்தாய்.

“தெரியல்ல அண்ணே” என்றாய்.

என் கையிலிருந்து அதை வாங்கி, வெறுமையாய்க் கிடந்த மற்ற அடுக்கின் இடத்தில் வைத்தாய். மறுநாள் வெள்ளைச் சேலை உடுத்தி ஆலயத்தில் பெண்கள் பக்கம் அமர்ந்து பாடினாய். நான் எல்லாரையும்விட உரக்கப் பாடினேன். பேராசிரியர் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடுவதைப் பற்றிய வேதபகுதியை அதன்பின் எத்தனையோ முறை சபையில் வாசித்துவிட்டேன். ஒருமுறையும் நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. என்னை வருத்தக்கூடாது என்றுதான். ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை, சென்ற ஆண்டு நீ கண்மூடிய ஆஸ்பத்திரிக் கட்டிலிலும்கூட. சொல்லியிருந்தால் இந்தச் சுமை சற்றே குறைந்திருக்கும்.

இப்போது ஆலயத்துக் கூடத்திலேயே ஞாயிறு பிற்பகலில் தேர்வுகளுக்குப் பயிற்சி நடக்கிறது. ஆரம்ப ஜெபம் செய்ய என்னைத்தான் அழைக்கிறார்கள். போகிறேன், ஜெபிக்கிறேன்.

மற்றச் சீட்டுகளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அந்த ஒற்றைச் சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று மாலை ஜெபம் முடிந்ததும் எடுத்து உரக்க வாசித்தேன். உச்சரிப்பு இன்னும் சரியாக வரவில்லை, தங்கச்சி. பொருள் மட்டும் எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்