அக்காவின் தாடை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் நீ "ம்" என்பதைத் தாண்டுவதே இல்லை. நீ பார்த்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதால் வந்த கோபம் என்றே நினைத்திருந்தேன். நேற்று அத்தான்தான் போட்டு உடைத்தார்: "கோபமெல்லாம் இல்ல பாப்பா. வாயத் திறந்தா உயிர் போகுதாம். காதுல சொட்டு மருந்து விட்டும் கேக்கல. சனிக்கிழமை கடவாய்ப்பல்லப் பிடுங்கப் போறா."

பிடுங்காதே அக்கா. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடு. 'டொக்' என்கிறதா? அங்கேதான் தாடை மூட்டு. அது வீங்கினால் வலி காதிலும் பல்லிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தையல் மிஷினில் உட்கார்ந்தால் நூலைப் பல்லால் கடிப்பாய். தூக்கத்தில் பல்லை நறநறவென்று அரைப்பாய். உன்னோடு ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியாதா? நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இதற்குக் குறைந்த சக்தி லேசர் வைத்துப் பார்க்கிறோம். பெரிய டாக்டர் பார்க்கும்வரை யாரும் உன் பல்லைத் தொடக் கூடாது. கிளம்பி வா.

நீ செல்லமாகத் திட்டும் உன் ஊமைக்கோட்டான்

ஜூன் 6

பாப்பா,

டொக்குன்னுச்சு. பக்கத்துல இருந்த உன் அத்தானுக்கே கேட்டுச்சு. பல் பிடுங்க வரலன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மாப்பிள்ளை விஷயத்துல கோபம் இருந்துச்சு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா 'ம்' போட்டது அதுக்கில்ல.

லேசர் இரும்பையே அறுக்குமாமே? வீட்டுக்கே ஒரு பட்டதாரின்னு உன்னப் படிக்க வெச்சது என் மூஞ்சியில ஓட்டை போடவா?

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அறுக்கிற லேசர் வேறு. இதில் சூடுகூடத் தெரியாது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, காதோரம் சில நிமிடம் வைத்து எடுப்போம். வீக்கமும் வலியும் மெல்லக் குறையும். சிலருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். பல தடவை வர வேண்டியிருக்கும். என் அறையிலேயே தங்கு. கட்டில் உனக்கு, தரை எனக்கு. இதில் பேச்சே கிடையாது.

இதுவரை எழுதி எழுதி அடித்தது ஒன்று பாக்கி. அப்பா போனதிலிருந்து யார் கேட்டாலும் "எனக்கென்ன, ஒன்றுமில்லை" என்று சொல்லியே என்னை வளர்த்துவிட்டாய். இங்கே பெரிய டாக்டர் உன் தாடையை அழுத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

என் முன்னால், ஒரே ஒரு தடவை, வலிக்கிறது என்று சொல் அக்கா.

தங்கை