செத்த கை என்கிறார்கள்

என் மகராசி அக்காவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் புதுச்சத்திரம், நல்ல பையன். சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம்தான் இது. ஆனால் நேற்று உன் வீட்டில் நடந்ததை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது.

தாய்மாமன் நான்தானே கல்யாணத்தன்று அவள் நெற்றியில் தகட்டுப் பட்டத்தை வைத்து நூலால் கட்ட வேண்டும்? உன் வீட்டுக்காரரின் அண்ணன், கையில் வடையோடு ஆரம்பித்தார். "ஏனப்பா, அறுந்து உழுந்த கை அது. செத்த கையில நல்ல காரியம் பண்ணலாமா? உன்ற சித்தப்பன் பையன் கட்டட்டும், நீ பக்கத்துல நின்னுக்க."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சீ, என்ன மனிதர்கள்!

மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மிஷினில் என் வலது கை மணிக்கட்டோடு துண்டாகி விழுந்த அன்று, அதைப் புதைக்கத் தென்னை மரத்தடியில் குழி வெட்டியவரும் இதே ஆள்தான். நான் இந்தப் பக்கம் உயிரோடு அலறிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் என் கைக்குக் குழி. நீதான் அவரைத் தள்ளிவிட்டு அதைப் பிடுங்கினாய். போனில் நர்ஸ் சொன்னபடி ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, ஐஸ் மேல் வைத்துக் கோயம்புத்தூர் வரை மடியிலேயே கொண்டுவந்தாய். டாக்டர்கள் எலும்பு, ரத்தக்குழாய், நரம்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

வீங்கிக் கறுத்துக் கிடந்த அந்தக் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பு. துண்டைப் போட்டு மூடிக்கொள்வேன். நீ துண்டை இழுத்தெறிந்து, "மடக்கு சாமி, இன்னொருக்கா மடக்கு" என்று உயிரை வாங்குவாய். நானே சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்க்காமல் ஏன் அக்கா அவ்வளவு அவசரமாகப் போய்ச் சேர்ந்தாய்?

இன்றும் விரல் நுனியில் உணர்ச்சி சரியாக இல்லை. கண்ணால் பார்த்தால்தான் எதைப் பிடித்திருக்கிறேன் என்று தெரியும். பட்டத்து நூலோ மெல்லியது. முடிச்சு விழுமா என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் குழி வெட்டிய அதே ஆள் தன் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை லாரியில் ஏற்ற ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டாரே, அப்போது இது செத்த கையாகத் தெரியவில்லையா?

கவிதா உள்ளேயிருந்து வந்தாள். "மாமா கட்டலீன்னா எனக்குப் பட்டமே வேண்டாமுங்க பெரியப்பா" என்றாள். பட்டத்தை என்னிடம் நீட்டி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "இப்பவே கட்டிப் பாருங்க மாமா."

முடிச்சு நழுவியது. மறுபடியும் நழுவியது. பெரிய மனிதர் தொண்டையைச் செருமினார். விரல்களை முறைத்துப் பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

"ஐயோ, தலை வலிக்குதுங்க மாமா! இத்தன இறுக்கியா கட்டுவாங்க?"

வெள்ளிக்கிழமை நான்தான் கட்டுவேன், அக்கா. கொஞ்சம் தளர்த்தியே கட்டுகிறேன்.

கவிதாவின் தாய்மாமன்,
உன் தம்பி