கதவடி இடுக்கு

ஜனவரி 6
கண்ணாடிப் புட்டிக்குள் முளைத்த ஆர்க்கிட் நாற்றுகளை வெளியே எடுத்து நட்டு முடித்தோம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவுதான். தனித்தனியாக நடலாமே என்றேன். "ஏங்கிடும்க்கா, ஒரே சட்டில கூட்டமா இருந்தாதான் பிடிச்சுக்கும்" என்றாள் தங்கை. அவள் கையால் மகரந்தம் சேர்த்து, வருஷக்கணக்கில் காத்திருந்த விதை. இன்னொரு புட்டி கிடையாது.

ஜனவரி 9
குளிர் கொல்கிறது. சட்டிகள் இருக்கும் பின்னறையில் கேஸ் ஹீட்டர் வைத்தாயிற்று. இடுக்கெல்லாம் அடைக்கச் சொன்னால், மகாராணி ஜன்னலோடு நிறுத்திக்கொண்டாள். "கதவடில கொஞ்சம் காத்து வரட்டுமேக்கா." வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. திட்டிவிட்டு நானே ரப்பர் பட்டை வைத்து ஆணி அடித்தேன். இனி ஈ எறும்பு நுழையாது.

ஜனவரி 13
ஏன் இப்படி மஞ்சளடிக்கிறது? இலை உதிர்கிறது. அழுகல் இல்லை, பூச்சியும் இல்லை. மருந்து அடித்தேன்.
ஹீட்டர் தீயும் நீலம் போய் மஞ்சளாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 14
தங்கைக்குத் தலைவலி. சட்டி கழுவும் நேரம் பார்த்து வருகிற தலைவலி! வாசலில் போய் நின்றதும் தெளிந்துவிட்டாள். "நடிக்கிறியா?" என்றேன். சிரித்தாள்.

ஜனவரி 16
எனக்கும் தலை கனக்கிறது. மருந்து நெடியோ?
ஒரு சட்டி மொத்தமாகத் துவண்டுவிட்டது. தங்கை அழுதேவிட்டாள். சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள இன்று அங்கேயே படுக்கப்போகிறாளாம். "நீயாவது நல்லாத் தூங்குக்கா." மனசுக்கு ஏனோ சரியாகப் படவில்லை. ஆனாலும் செடி பிழைக்கணுமே — சரி என்றேன். கதவை இறுக்கச் சாத்திக்கொள் என்றும் சொன்னேன்.

ஜனவரி 17
எழுப்பினேன். எழுந்திருக்கலை. ஐயோ, எவ்வளவு உலுக்கியும் எழுந்திருக்கவே இல்லையே.

பிப்ரவரி 2
ஹீட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். "தீ மஞ்சளா எரிஞ்சா விஷப்புகைம்மா. வாசனையே தெரியாது. வெளிய போக ஒரு இடுக்குகூட இல்லையே" என்றார். யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
செடிகள் அப்போதே சொல்லியிருக்கின்றன. நான் மருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20
கதவடிப் பட்டையைக் குறடு வைத்துப் பிடுங்கினேன். ஆணி லேசில் வரவில்லை. அவ்வளவு ஒழுங்காக அடித்திருக்கிறேன்.
ஹீட்டரை எடுத்துப்போய்விட்டார்கள். அறை இத்தனை நாளும் ஐஸாகத்தான் கிடந்தது. அப்படியும் சட்டிக்குச் சட்டி புதுத்துளிர், துவண்டு கிடந்ததில்கூட. குளிர் இவற்றை ஒன்றுமே செய்யவில்லை.
செடிகளைப் பிடுங்கி எறியத்தான் போனேன். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.