கரெண்ட் நல்லா வருது

ஜூன் 9, திங்கள்

எங்கள் ட்ரூப்பை நடத்துகிற பேச்சிராஜா அண்ணாச்சி இன்றைக்கும் அதே பாட்டைத்தான் பாடினார். பனவடலிசத்திரம் கோயில் கொடைக் கச்சேரியில் என் கிதார் ஆம்ப்ளிஃபயரை வேனில் ஏற்றி இறக்க ரெண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்ததாம்.

"ஏலே சங்கரு, ஒரு கிதாருக்கு ஒரு பீரோவையா தூக்கிட்டு அலையணும்? நம்ம சவுண்ட் பாக்குத சாதிக் ஒரு டிஜிட்டல் பெட்டி வச்சிருக்காம்லா. தரையில போட்டு மிதிச்சா நூறு ஆம்ப்போட சத்தம் வருது. நீயும் அத வாங்கு. இல்லன்னா ஆடித்தபசுக்குக் கிதாரையும் கீபோர்டுலயே வாசிச்சிக்கிடுதோம்."

கீபோர்டில் கிதார்! என் ஆம்ப் வால்வு ஆம்ப். உள்ளே நாலு கண்ணாடிக் குழாய் சூடேறிச் சிவந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும். அந்தச் சத்தத்தைப் பெட்டிக்குள் எப்படி அடைப்பார்களாம்? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மூடிக்கொள்ளக் காரணமும் இருந்தது. காலையில் மதுரையிலிருந்து போன். தாவீது என்று ஒரு ஸ்டுடியோக்காரர். வீட்டில் சாயங்காலம் வாசித்து நான் போட்ட வீடியோவைப் பார்த்தாராம். "இந்த சவுண்ட எங்கண்ணே பிடிச்சீங்க?" என்றார். வெள்ளிக்கிழமை நேரில் போக வேண்டும். பிடித்துப்போனால் தொடர்ந்து ரெக்கார்டிங். இந்த வயதில் இனி யார் என்னைக் கூப்பிடப்போகிறார்கள்? இதை விட்டால் கிதாரைப் பரணில் போட வேண்டியதுதான்.

சாயங்காலம் வாசித்தேன். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம், மேலே ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டிருந்தது. ஆம்ப் குழைந்து குழைந்து அழுதது. என் வீட்டுக்காரி கனகு தறியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். நாளையிலிருந்து ஸ்டிரைக்காம். கூலி ஏறும்வரை எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது.

ஜூன் 13, வெள்ளி

மதுரை போய் வந்தேன். எழுதவே கை வரவில்லை.

ஏசி, சுவரெல்லாம் பஞ்சு, தரையில் கம்பளம். கரெண்ட் கூட அங்கே ஸ்டெபிலைசர் வழியாகத்தான் வருமாம், பெருமையாகக் காட்டினார். பஸ்ஸில் ஊர்ப்பட்ட பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு தூக்கிப்போன ஆம்ப்பைப் போட்டேன். ஒரு கம்பியைத்தான் தட்டினேன். அது என் சத்தம் இல்லை. தகரத்தில் அடித்த மாதிரி இருந்தது. அரைமணி நேரம் திருகாத குமிழ் இல்லை.

தாவீது நல்ல மனுஷன், முகத்தில் காட்டவில்லை. "வீடியோல கேட்டது இது இல்லையேண்ணே" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14, சனி

வீட்டிலும் வரவில்லை. என் வீட்டில், என் நாற்காலியில் — வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வைத்திருந்த புது வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். அதே வறட்டுச் சத்தம்.

ஜூன் 19, வியாழன்

ஆம்ப்பில் கோளாறு இல்லை என்றால் காதில்தானே இருக்க வேண்டும்? திருநெல்வேலிக்குப் போய்க் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கெட்டுப்போயிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். அப்படியானால் விரலா? ராத்திரிச் சோற்றைப் பிசையும்போதுகூட விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கனகு, "கையில என்ன, அடிபட்டுட்டா?" என்று கேட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

தாவீது மறுபடி கூப்பிட்டார். "முப்பதாம் தேதிக்குள்ள அந்த சவுண்ட்ல ஒரு பீஸ் வீட்லருந்தே எடுத்து அனுப்புங்கண்ணே. இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க."

மானத்தை விட்டு சாதிக்கிடம் போய் நின்றேன். எங்கள் ட்ரூப்பில் சவுண்ட் பார்க்கிறவன். ஒரு கேள்வி கேட்கவில்லை, டிஜிட்டல் பெட்டியைத் துடைத்துக் கையில் கொடுத்தான். "வேணும்ங்கற வரைக்கும் வச்சிக்கிடுங்கண்ணே. எல்லா ஆம்ப் மாடலும் இதுல இருக்கு, ஒங்க ஆம்ப் மாடலும் இருக்கு."

இருக்கிறதுதான். என் ஆம்ப்பின் படமே திரையில் வருகிறது. மிதித்தால் வருவது மதுரையில் கேட்ட அதே தகரம். வால்விலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. பிறகு எங்கே போய்த் தேட? அன்றைக்கு அந்த வீடியோவில் வாசித்தது நான்தானா?

ஜூன் 25, புதன்

கனகு மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். அது வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அலறியது. எரிந்து விழுந்தேன். அவள் சிரித்தாள்.

"ஸ்டிரைக்குல இது ஒண்ணுதான் மிச்சம். தறி நிக்குல்லா, கரெண்ட் நல்லா வருது. ஃபேனப் பாருங்க, பிச்சிக்கிட்டு சுத்துது."

ஃபேனைப் பார்த்தேன். ட்யூப்லைட்டைப் பார்த்தேன். பளிச்சென்று, ஆடாமல், அசையாமல். தறி ஓடும்போதெல்லாம் மினுக்குகிற லைட் அது.

தெருவில் எல்லாத் தறியும் ஓடினால் கரெண்ட் இறங்கும். கரெண்ட் இறங்கினால் வால்வுக்கு மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்குகிற சத்தத்தைத்தான் நான் இத்தனை வருஷம் என் சத்தம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கொடை மேடையில் ஜெனரேட்டரில் ஏன் அது ஒருநாளும் வந்ததில்லை என்று இப்போது புரிகிறது. திறந்தவெளி, அதனால்தான் என்று அண்ணாச்சியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

கடைக்கு ஓடினேன். கரெண்டைக் குறைத்துக் கொடுக்கிற கருவி வேண்டும் என்றேன். "எல்லாரும் கூட்டத்தாம் கேப்பாவ. நீரு குறைக்கக் கேக்கீரே வே" என்று கடைக்காரர் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். சொல்லி வரவழைக்கலாமாம். வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். எனக்கு இருப்பது ஐந்து.

ஜூன் 26, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

ஸ்டிரைக் கூட்டம் முடிந்து வந்த கனகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன் — தறி ஓடினால்தான் அந்தச் சத்தம் வரும் என்று. அவளுக்கு ஆச்சரியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஸ்டிரைக் எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"பேசிக்கிட்டிருக்காவ. ஏன் கேக்கீய?"

"ஒரு சாயங்காலம் ஓடுனாப் போதும், கனகு. கொஞ்சப் பேராவது போனாக்கூட..."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"ஒங்க ஆம்ப் அழுவதுக்கு, நாங்க பழைய கூலிக்கே போயி நிக்கணுமாக்கும்?"

சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு நானே எழுதுவதில் என்ன பொய்? இப்போதும் எங்கேயாவது ஒரு தறி ஓடுகிறதா என்று காது தெருப்பக்கமே கிடக்கிறது. எம்புட்டுக் கேவலமாப் போயிட்டேன். பரணில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்து வைத்தேன்.

ஜூன் 28, சனி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாதிக்கிடம் கதையைச் சொன்னதும் அவன் அதை வாங்கி, அடுக்கடுக்காகப் பக்கம் தள்ளிக்கொண்டே போனான். நான் அத்தனை தூரம் போனதே இல்லை. கடைசியில் ஒரு குமிழின் படம். அதன் கீழே 'வோல்டேஜ்'.

"இது எதுக்குன்னு இம்புட்டு நாளும் எனக்கே தெரியாதுண்ணே" என்றான்.

பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலையிலிருந்து அந்தக் குமிழை மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்தது மாதிரி இருந்தது. மாதிரிதான். என் காதை நான் நம்புகிற நிலையில் இல்லை. ஆசையில் கேட்கிறதோ? வீடியோவில் வாசித்த அதே மெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. கனகு ஈரக்கையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ட்யூப்லைட்டைப் பார்த்தாள். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு தறிக்கூடமாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"எவ உள்ள போயிருக்கா? எந்தத் தறி ஓடுது?"

"ஒரு தறியும் ஓடல, கனகு."

"பொறவு அந்தச் சத்தம்?"

காலடியில் கிடந்த பெட்டியைக் காட்டினேன். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "நம்மாளுவதான் பயந்து போயிட்டாவன்னு நெனச்சிட்டேன்" என்று சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளில் என்னிடம் அவள் முழுதாகப் பேசியது இதுதான்.

"இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். அவள் மறுபடியும் ட்யூப்லைட்டைத்தான் பார்த்தாள். அது துளியும் மங்காமல் எரிந்துகொண்டிருந்தது. அவளை உட்காரவைத்துக்கொண்டே பதிவுசெய்து மதுரைக்கு அனுப்பினேன்.

ஜூலை 2, புதன்

தாவீது கூப்பிட்டார். இதேதானாம் அந்தச் சத்தம். வெள்ளிக்கிழமை போக வேண்டும், ஆம்ப்பைத் தூக்க வேண்டாம், பெட்டி போதும்.

தறி இன்னும் ஓடவில்லை. கனகு ஸ்டிரைக் தட்டி எழுதச் சமமான இடம் தேடிக்கொண்டிருந்தாள். வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஆம்ப்பை நடுவீட்டில் படுக்கப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதன்மேல் அட்டையை விரித்து எழுத ஆரம்பித்தாள். கோணாமல் இருக்க ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.